முடிவைச் சொல்லிடவா?

எங்கள் தெரு நூலகத்தில் எந்தக் கதைப் புத்தகமும் ஒரே ஒரு பிரதிதான். என் பெரியவள் முந்திக்கொண்டு எடுத்துவந்து, "பாத்திரம் கழுவுறியா, முடிவைச் சொல்லிடவா?" என்று தங்கையை மிரட்டியே வேலை வாங்குவாள். தையல் மெஷினை மிதித்தபடி கத்திக் கத்தி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

போன மாதம் சின்னவள் என் போனில் இலவச மின்நூலகம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதில் ஒரே புத்தகத்தை எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாமாம்.

நேற்றும் பெரியவள், பாதிதான் படித்திருந்தும் முழுதும் முடித்தவள்போலப் புத்தகத்தை ஆட்டிக்கொண்டே வந்தாள். "கழுவுறியா, முடிவைச் சொல்லிடவா?"

சின்னவள் அசையவில்லை. "இதை நான் முந்தாநாளே போன்ல முடிச்சுட்டேன்க்கா. உனக்குச் சொல்லட்டுமா?"

பெரியவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பாத்திரம் கழுவ ஓடினாள்.