கலவைச் சட்டி கழுவிய தண்ணீர்

நான் கொத்தனார். வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான் மஞ்சளாகிப்போன ஓர் இலையைப் பிடுங்கிக்கொண்டு, செடி விற்ற நர்சரிக்காரரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கக் கிளம்பினேன்.

செடிக்கு ரோடோடெண்ட்ரான் என்று பெயர். வாய் சுளுக்கிக்கொள்ளும் என்று என் மனைவி 'ரோடா' என்றே கூப்பிடுவாள். வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும், கொத்துக் கொத்தாகப் பூக்கும் என்று சொல்லித்தான் நர்சரிக்காரர் அவளிடம் விற்றாராம். எங்களுக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம் அவள் வாங்கிவந்து வைத்த செடி அது. ஆறே மாதத்தில் நரம்பு மட்டும் பச்சையாக, இலையெல்லாம் வெளுத்துவிட்டது. "எங்கிட்ட எதுவும் தங்காதுங்க," என்றாள். மறுநாள் காலையில்தான் அந்த இலையைப் பிடுங்கினேன்.

நான் கத்தி முடித்ததும் நர்சரிக்காரர் கையை நீட்டினார். இலையைப் பார்த்தார். பிறகு சிமெண்டு படிந்த என் கால் விரல்களைப் பார்த்தார். வேலை முடிந்து சட்டியும் கரணையும் எங்கே கழுவுவீர்கள் என்று கேட்டார். பின்பக்கக் குழாயடியில் என்றேன். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்றார். செடிக்கு என்றேன். வீணாகக் கூடாதென்று செடிக்கு வாய்க்கால் வெட்டிவிட்ட புத்திசாலி நான்தான். இது அமில மண் கேட்கும் செடி, சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு இதற்கு ஆகவே ஆகாது என்றார்.

தங்கமான மனுஷர். அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தானே வீட்டுக்கு வந்தார். மண்ணின் மேலாகப் பாய் போலப் பரவியிருந்த வேரை அலுங்காமல் தூக்கினார். மக்கிய இலையும் பைன் சருகும் கலந்து மேடு கட்டி, ஆழம் போகாமல் உட்காரவைத்தார். மழைத் தண்ணீர் மட்டும் ஊற்றச் சொன்னார். பிற்பாடு முதல் கொத்து பூத்த அன்று அவர் கடை இருக்கும் திசைக்கே ஒரு கும்பிடு போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. மண் சரியில்லை என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"நான்தான் தினம் சட்டி கழுவின தண்ணிய அதுக்கு விட்டேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நிஜமாவா? நான் இல்லையா?"

இல்லை என்றேன். மறுபடி கேட்டாள். ஏழெட்டுத் தடவை கேட்டிருப்பாள், ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அன்றைக்குத்தான் முதல் முதலாக அழுதாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.