போடு, எடு, விடு

லிஃப்ட் ரிப்பேர் வேலையில் அவளுக்குப் பதினேழு வருஷ அனுபவம். மொட்டைமாடி மோட்டார் அறைக்குள் காலை வைத்ததுமே, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். கம்பெனியில் அவளுக்கு 'ஒன்பதாம் மாடி' என்று பட்டப்பெயர். லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில் ஒன்பது மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறிவிட்டு, பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்பாள்.

மழை நாளொன்றில் ஸ்கூட்டர் சறுக்கித் தலையில் அடிபட்டது. காயம் இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது. படித்த வித்தையும் எங்கும் போகவில்லை. பத்து நிமிஷத்துக்கு முன்னால் செய்தது மட்டும் சில நேரம் துடைத்துவிட்ட மாதிரி காணாமல் போனது. அடுப்பை அணைத்தோமா, மாத்திரை போட்டோமா, இப்போது போனில் பேசி வைத்தது யாரிடம்? "இன்னும் கொஞ்சம் தேறும். முழுசா பழையபடி ஆகும்னு என்னால சொல்ல முடியாது" என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

வேலைக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் அது நடந்தது. கதவு சரியாகப் பூட்டாவிட்டால் லிஃப்ட் நகராது. அதற்கென்றே தனி சர்க்யூட் உண்டு. சோதனை செய்யும்போது மட்டும், கதவு பூட்டியிருப்பதுபோல் காட்ட, அதை ஒரு சின்ன ஒயரால் இணைத்துவைப்பார்கள். வேலை முடிந்ததும் அந்த ஒயரைக் கழற்றியாக வேண்டும். கழற்றாமல் விட்டால் கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் ஓடும். அவள் கழற்றவில்லை. கூட வந்த எலக்ட்ரீஷியன் கடைசியில் ஒருமுறை எட்டிப் பார்த்ததால் தப்பித்தார்கள்.

மேற்பார்வையாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"யாராவது உள்ள விழுந்திருந்தா இந்நேரம் நீங்களும் நானும் கம்பி எண்ணிக்கிட்டு இருப்போம்."

"தெரியும் சார்."

"நாளையிலேர்ந்து ஸ்டோர்ல உட்காருங்க. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

"ஆறு வாரம் கொடுங்க சார். அதுக்கப்புறம் நீங்களே கூட வந்து பாருங்க. சரிப்படலேன்னா ஸ்டோர்லயே இருந்துடறேன்."

அவர் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. நாட்காட்டியில் ஒரு தேதியைச் சுழித்தார். அவளுக்கு அது போதும்.

வீட்டில் கணவனுக்கு இது பிடிக்கவில்லை. அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். எதையும் துடைத்துத் துடைத்துப் பார்த்துத்தான் பேசுவான். "நிழல்ல உட்கார்ந்து செய்யற வேலை. உனக்கு என்ன குறைச்சல்?" என்றான்.

"உங்க கடையில உங்களைக் கல்லாவுல மட்டும் உட்காரச் சொன்னா உட்காருவீங்களா?"

அவன் கடைச்சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் அவள் நாத்தனாருக்குப் போன் போட்டாள். கணவனின் தங்கை, பிறந்த வீட்டில் 'வாலு' என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். வேறு ஊரில் ஒரு நிறுவனத்தின் சர்வர் கம்ப்யூட்டர்களையெல்லாம் கவனித்துக்கொள்கிறவள்.

"வாலு, என் மூளையில ஒரு பகுதியை எடுத்து வெளிய வைக்கணும். எதுல வைக்கலாம்?"

"பரண்மேல உங்க பழைய லேப்டாப் கிடக்கே அண்ணி, அதுல விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போடுங்க. அந்தக் கிழத்துக்கு அதுதான் தாங்கும். அதோட, அது நீங்க சொன்னதை மட்டும்தான் செய்யும், தானா எதையும் நோண்டாது."

பென்டிரைவில் இறக்கி, வாலு சொல்லச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே லினக்ஸை ஏற்றிவிட்டாள். அன்று பிடித்தது பைத்தியம். பணிப்பட்டியலுக்கு ஒரு மென்பொருள், நாட்காட்டிக்கு ஒன்று, குறிப்புகளுக்கு ஒன்று, அவற்றையெல்லாம் ஒரே திரையில் கலர் கலராகக் காட்ட இன்னொன்று. இரண்டு வாரம் அதிலேயே கரைந்தது. திரை பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போக மறந்தாள். லேப்டாப்பைத் திறந்து பார்த்தால், அந்தச் சந்திப்பை நான்கு மென்பொருளில் எதில் எழுதிவைத்தாள் என்பதே மறந்து போயிருந்தது.

வாலு போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். "மேசை வாங்கப் போய் கடையையே தூக்கிட்டு வந்துட்டீங்க அண்ணி! எல்லாத்தையும் அழிங்க. ஒரே ஒரு ஃபைல். வெறும் எழுத்து. அவ்வளவுதான்."

அழிப்பதற்குக் கை வரவில்லை. இரண்டு வார உழைப்பு. இன்னும் நான்கு வாரம்தான் மிச்சம் என்பது ஞாபகம் வந்ததும் அழித்துவிட்டாள்.

ஒரே ஃபைல். ஒரு வரிக்கு ஒரு காரியம், முன்னால் தேதியும் நேரமும். அதைப் பார்க்க மறந்தால்? குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் 'கிரான்' என்ற ஏற்பாடு லினக்ஸில் உண்டு. மணிக்கு ஒருமுறை 'இப்போ என்ன பண்றே?' என்று ஒரு பெட்டி திரையில் எழும்பிச் சத்தம் போட வேண்டும் என்று எழுதினாள். எழுதும்போது நிமிஷத்துக்கான முதல் இடத்தில் பூஜ்யம் போடாமல் நட்சத்திரக் குறி போட்டுவிட்டாள். நிமிஷத்துக்கு ஒருமுறை கத்தத் தொடங்கியது.

"மாமியார் மாதிரி இருக்கே!" என்றான் கணவன் அடுக்களையிலிருந்து.

"உங்க அம்மாதானே? சொல்றேன் இருங்க."

நட்சத்திரத்தைப் பூஜ்யமாக்கினாள். நச்சரிப்பு ஓய்ந்தது. ஆனால் இன்னொரு சிக்கல் வந்தது. பெட்டி வந்ததும் கை தானாகப் போய் அதை மூடிவிடும், கண் படித்திருக்காது. அதனால் பதில் தட்டினால்தான் பெட்டி மூடும்படி மாற்றினாள். இரண்டு சொல்லாவது எழுதியாக வேண்டும். மாலையில் அவற்றைப் படித்தால் அன்றைய நாள் முழுவதும் வரிசையாகத் திரும்பி வந்து நின்றது. அடிபட்ட பிறகு முதன்முறையாக, ஒரு நாளை ஓட்டையில்லாமல் பார்த்தாள். கொஞ்ச நேரம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

அடுத்தது ஒயர். இதற்கு ஒற்றைக் காலில் நின்றாள். வாலுவிடம் கேட்டுக் கேட்டு, மூன்று கட்டளைகளைத் தமிழிலேயே பெயரிட்டு எழுதினாள். ஒயரை மாட்டினால் 'போடு'. கழற்றினால் 'எடு'. வேலை முடிந்து லிஃப்டை ஜனங்களிடம் ஒப்படைக்கும்போது 'விடு'. போட்டதும் எடுத்ததும் சமமாக இருந்தால்தான் 'விடு' ஒப்படைப்புத் தாளை உருவாக்கும். இல்லையென்றால் மாட்டேன் என்று நிற்கும்.

'போடு' என்று தட்டவே மறந்தால்? லேப்டாப்பின் உள்பக்கம், விசைகளுக்குப் பக்கத்தில், ஒரு மெல்லிய துணிப்பை தைத்து ஒட்டி, தன்னுடைய நான்கு ஒயர்களையும் அதற்குள் வைத்தாள். திரையைத் திறக்காமல் ஒயரை எடுக்க வழியில்லை. ஸ்டோரில் கிடந்த பழைய கன்ட்ரோல் பெட்டியில் தினமும் மாட்டிக் கழற்றிப் பழகினாள். ஸ்டோர்காரர் முதலில் வேடிக்கை பார்த்தார். பிறகு வேண்டுமென்றே நடுவில் பேச்சுக் கொடுத்து அவளைக் குழப்பினார். அவள் கோபிக்கவில்லை. "இன்னும் பேசுங்கண்ணே, நல்லாப் பேசுங்க" என்றாள்.

சுழித்த தேதி வந்தது. பழைய அடுக்குமாடிக் கட்டடம், ஒன்பது மாடி, ஒரே லிஃப்ட். மேற்பார்வையாளரே கூட வந்தார். மோட்டார் அறையில் அவரும் கன்ட்ரோல் பெட்டியைக் குடைந்து ஏதோ சரிபார்த்தார். அவள் பிரேக்கைச் சரிசெய்தாள், கதவு ரோலர்களை மாற்றினாள், மூன்று தடவை 'போடு' தட்டினாள். அவர் குறையொன்றும் கண்டுபிடிக்கவில்லை.

மதியம் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண்ணும், இரண்டு கையிலும் பைகளோடு ஒரு பெரியவரும் காத்திருந்தார்கள். அவள் லேப்டாப்பைத் திறந்து 'விடு' என்று தட்டினாள்.

'போட்டது 3. எடுத்தது 2. விட முடியாது.'

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். மூன்றையும் கழற்றிய நினைவு கண்முன்னால் தெளிவாக நின்றது. துணிப்பைக்குள் விரலை விட்டு எண்ணினாள். நான்கு. எல்லாம் இருக்கிறது.

மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். "நாலும் கையில இருக்கே. ஒரு தடவை 'எடு' தட்ட மறந்திருப்பீங்க. இப்ப தட்டிட்டு விடுங்கம்மா, பாவம் நிக்கறாங்க."

தட்டுவதற்கு ஒரு நொடிதான் ஆகும். அவள் விரல் விசைமேல் போனது. கண்முன் நின்ற அந்த நினைவு, முன்பு அடுப்பை அணைத்ததாகச் சத்தியம் பண்ணிய அதே நினைவுதானே?

"இல்ல சார். மேல போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"ஒன்பது மாடி ஏறணும்."

"ஏறறேன்."

பெரியவர் முணுமுணுத்தார். அவள் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினாள். அடிபட்டுப் படுத்திருந்ததில் கால் பழையபடி இல்லை. ஆறாம் மாடியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள், பிறகு மறுபடி ஏறினாள். மோட்டார் அறையில் பெட்டியைத் திறந்தாள். கதவு சர்க்யூட்டின் கீழ்வரிசையில், மற்ற ஒயர்களோடு ஒயராக, அவளுடைய ஒயர் மாட்டியபடியே இருந்தது.

மேற்பார்வையாளர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அவள் அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு துணிப்பையிலிருந்த நான்கையும் பார்த்தார். அதில் ஒன்றின் கவ்வி மட்டும் வேறு மாதிரி இருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது என்னோடது. காலையில டெஸ்ட் பண்ணிட்டு உங்க பையில சொருகிட்டேன் போல."

"இருக்கலாம் சார்."

"நீங்க மறந்துட்டீங்க," என்றார். அது குற்றச்சாட்டா, வியப்பா என்று அவருக்கே பிடிபடவில்லை.

"ஆமா சார், மறந்துட்டேன். இனிமேலும் மறப்பேன். ஆனா மறந்ததோட லிஃப்டை விட மாட்டேன்."

அவர் தலைகீழாகக் கிடந்த ஒரு பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார்.

"திங்கட்கிழமையிலேர்ந்து வெளி வேலைக்கு வாங்க. மூணு மாசம் கூட ஒரு ஆள் வருவார். அதுல பேரம் கிடையாது."

"வேண்டாம், சார்" என்று சொல்ல வாய் வந்தது. யோசித்துப் பார்த்தாள். கேட்டது நியாயம்தான். "சரி சார்."

'எடு' தட்டி எண்ணிக்கை சமமானதும் 'விடு' தாளைக் கொடுத்தது. கதவைத் திறந்து வைத்து லிஃப்ட் நகர மறுக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, கீழே போய் அந்தப் பெண்ணின் தள்ளுவண்டியை உள்ளே ஏற்றிவிட்டாள். பெரியவர் இன்னும் முறைத்துக்கொண்டேதான் ஏறினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். பையில் அடுத்தவர் ஒயர் கலந்தது அவள் யோசிக்காத ஓட்டை. இனி ஒவ்வொரு ஒயருக்கும் எண் ஒட்ட வேண்டும். 'போடு' அந்த எண்ணைக் கேட்க வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.