நடுத்திட்டுத் தழை

இறந்துகிடந்த கணவன் நிர்மலின் விரல்களுக்கிடையே ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்த ஜோவிதா, சவப்பெட்டியின் கால்மாட்டில் எழுந்த பேச்சைக் கேட்டுக் கையை நிறுத்தினாள்.

“அண்ணாச்சி, நேத்துச் சொன்னேம்லா, எங்க வீட்டுக்காரருக்கும் கண்ணு மஞ்சளாத்தான் இருக்கு. அந்த மருந்து கிடைச்சுதா?”

கேட்டவள் பக்கத்து வீட்டு மாரிசெல்வி. கேட்கப்பட்டவர் நிர்மலின் தாய்மாமன் இருதயசாமி. அந்த வரிசை வீடுகள் அனைத்துக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி; காமாலை அதன் வழியாகத்தான் பரவுவதாகப் பேச்சு.

“கொணாந்துகீறேன். அடக்கம் முடியட்டும், அரைச்சுத் தரேன். பேரு மட்டும் கேக்காதே. சொன்னா பலிக்காது.”

அதே சொற்கள். கணவனின் கண் மஞ்சளித்தவுடன் மருத்துவமனைக்குப் போகலாம் என்று ஜோவிதா கெஞ்சியபோதும் அவர் இதையே சொன்னார். அரைத்த உருண்டையை மட்டுமே கொண்டுவந்தார். தழையை வீட்டுப் பெண் பார்த்தாலும் பலிக்காது என்றார். நிர்மல் மாமனை நம்பினான். நினைவு தப்பிய பிறகே அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஜோவிதா எழுந்தாள். பெட்டியருகிலிருந்து எழக் கூடாதென்று யாரோ தோளைப் பிடித்தார்கள். அந்தக் கையை விலக்கிவிட்டு, மாமாவின் துணிப்பையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தாள்.

மஞ்சள் பூக்களோடு கொடி விழுந்தது. பூவை அவள் பொருட்படுத்தவில்லை. இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தாள். பளபளப்பான அந்த இலை, நுனியில் மூன்றாகப் பிரிந்திருந்தது.

“இன்னா மாமா இது?”

“பேரு சொல்லக் கூடாதும்மா.”

“நான் சொல்றேன். காமாலைக்குக் குடுக்கற மஞ்சக் கரிசலாங்கண்ணின்னு நெனச்சுக்கினு பறிச்சீங்க. வாலாஜாபாத்துல எங்கம்மா வூட்டு வாய்க்காலாண்ட அது வருசா வருசம் தழைக்கும். கீரையா கடைஞ்சு தின்னுருக்கேன். பூ ரெண்டும் ஒண்ணாட்டம்தான் கீது. ஆனா அதோட எலை நீளமா இருக்கும், இப்டிப் பிரியாது. இது ரோட்டு நடுவுல அழகுக்கு வெச்ச செடி.”

“எந்தத் தழையா இருந்தா இன்னா? ஆண்டவர் கூப்ட்டுக்கினாரு.”

“ஆண்டவர வுடுங்க. எங்கிட்ட காமிச்சிருந்தா ஒரே பார்வைல சொல்லியிருப்பேன். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருப்பேன். என்னைப் பாக்கக் கூடாதுன்னீங்க.”

மாமா குனிந்து கொடியைப் பொறுக்கப் போனார். அவள் அதன்மீது காலை வைத்தாள்.

“செல்வி, எனக்குன்னு சொன்ன ஆட்டோ வாசல்ல நிக்குது. உங்க வூட்டுக்காரர ஏத்திக்கினு ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே.”

“அப்ப கல்லறைக்கு நீங்க எப்பிடிக்கா வருவிய?”

“நடக்கறேன்.”

பெட்டி வண்டியில் ஏறியது. உச்சி வெயிலில் ஜோவிதா அதன் பின்னால் நடந்தாள். மாமா அருகில் வந்து குடையை அவள் தலைக்கு மேல் நீட்டினார். அவள் நிழலை விட்டு விலகி நடந்தாள்.

சாலையின் நடுத்திட்டு நெடுகிலும் அதே கொடி மஞ்சளாகப் பூத்திருந்தது. தண்ணீர் லாரி ஒன்று அதையொட்டி மெல்ல ஊர்ந்து, வேர் நனையுமளவு பாய்ச்சிக்கொண்டு போயிற்று.