சுறா எண்ணெய் பூசிய கார்

தோட்டவெளிக் கடற்றொழிலாளி கொன்ஸ்ரன்ரைன், இருபது வருடம் ஓடிய பென்ஸ் கார் ஒன்றைக் கொழும்பில் வாங்கி வந்தான். பகட்டுக்கு அல்ல, பிள்ளைகளே. முழங்கால் வலியோடு பஸ்ஸில் ஏற முடியாத மனைவி கிறேஸை மடு மாதா கோயில் திருநாளுக்குக் கூட்டிப்போகத்தான்.

எங்கள் உப்புக்காற்று சும்மா விடுமா? மூன்றாம் மாதமே காரின் அடித்தகட்டில் துரு ஏறியது.

"அடிக்கு ஏதாவது பூசுங்கோ அண்ணை, இல்லாட்டி உக்கிப்போகும்" என்றான் மெக்கானிக் நடராசா.

கொன்ஸ்ரன்ரைன் தன் தோணிக்குப் பூசுகிற சுறா எண்ணெயையே காருக்கும் இரண்டு தரம் பூசினான். துரு நின்றது.

திருநாளுக்கு முதல் நாள் புறப்பட்டார்கள். ஊர் எல்லைப் பாலம் தாண்டுவதற்குள் கார் சூடேறி, எண்ணெய் நாற்றம் உள்ளே கிளம்பியது.

"நிப்பாட்டுங்கோ. நான் பஸ்ஸிலை போறன்" என்றாள் கிறேஸ்.

"சுறா மணம் உனக்குப் புதுசே?"

"உங்களிலை மணந்தால் பொறுப்பன். மாதாவிட்டைப் போகேக்கை நானும் மணக்கோணுமே?"

அவள் இறங்கி, காலை இழுத்து இழுத்து நடந்தாள். அந்த நடையை அவனால் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்து, கண்ணாடிகளைத் திறந்துவிட்ட காரில் வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்தான். அன்று முழுக்கக் காருக்கடியில் மல்லாந்து கிடந்து, சவர்க்காரமும் தேங்காய்த் தும்பும் கொண்டு எண்ணெயைத் தேய்த்தெடுத்தான்.

மறுநாள் கிறேஸ் காரில் ஏறும்போது, அங்கே வந்து காரின் அடியைக் குனிந்து பார்த்த நடராசா தன் தலையில் கை வைத்தான்.

"இனித் துரு தின்னப்போகுது அண்ணை!"

"தின்னட்டும். அது தின்னு முடிக்கிறதுக்குள்ளை எத்தினை திருநாளுக்கு இவளைக் கூட்டிக்கொண்டு போகலாமெண்டு பாப்பம்."