ஓப்பநாயக்க வண்டியின் டோக்கன்

என் கணவர் கஜேந்திரன் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். மற்ற நாளெல்லாம் அவர் அந்தத் தொழிற்சாலையின் மோட்டார்களுக்கும் எனக்கும் சொந்தம். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் மட்டும் காலை எட்டரைக்கே ஓப்பநாயக்க டவுனுக்கு இறங்கி, முக்தார் நானாவின் ஹார்ட்வெயார் கடை மாடிக்கு ரயில் ஓட்டப் போய்விடுவார்.

உள்ளங்கையில் வைக்கக்கூடிய ரயில்தான். பதினெட்டு அடி மேசையின் ஒரு முனையில் கஹவத்தை ஸ்டேஷன், மறுமுனையில் ஓப்பநாயக்க. நடுவே ரெஜிபோம் நுரையட்டையில் வெட்டிய மலைகள். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைக் கத்தரித்து நட்ட தேயிலைச் செடிகள். அவற்றுக்கு இடையே ஓடும் மண் பாதை மட்டும், எங்கள் தொழிற்சாலை கழித்துப்போட்ட அசல் தேயிலைத் தூள். அந்த வழியில் ஒருகாலத்தில் உண்மையான ரயில் ஓடியது. நான் பிறக்கும் முன்பே தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். மேசை ரயில் ஓட்டும் மூன்று நண்பர்களில் ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. அது போய்விட்டதே என்று அவர்கள் பெருமூச்சு விட்டும் நான் கேட்டதில்லை. அவர்களுக்கு வேண்டியது, சரியாக ஓடும் ஒரு ரயில்.

மூன்றாமவர் சுனில். பெல்மதுளை பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். வேலையில் ஒரு பஸ்கூட அவர் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டதில்லை என்பதால், மேசை ரயிலின் நேர அட்டவணையில் அவர் ஒரு நிமிடத்தையும் விட்டுக்கொடுக்கமாட்டார். வயரும் மோட்டாரும் என் கணவரின் பொறுப்பு. எஞ்சின்களையும் மனிதர்களையும் செய்வது முக்தார் நானா. முடிந்துபோன பேனாவின் முனையில் புகைபோக்கி செய்வார். ஒற்றை மயிர்த் தூரிகையால் கொழுந்து பறிக்கிற பெண்ணின் நெற்றியில் பொட்டு வைப்பார். ஓப்பநாயக்க மேடையில் நீலச் சேலையும் குடையுமாக நிற்கும் முக்கால் அங்குலப் பெண் நான்தான். எங்கள் கல்யாணத்துக்கு அவர் தந்த பரிசு அது.

"எந்த வண்டி வந்தாலும் ஒங்களுக்கு முன்னால தான் நிக்கும், தங்கச்சி," என்றார் அன்றைக்கு. எட்டு வருடமாக அப்படித்தான் நிற்கிறது.

அவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. பாதை ஒன்றுதான், இரண்டு பக்கத்திலிருந்தும் வண்டி வரவேண்டும். ஆகவே ஐந்து ரூபாய்க் காசளவில் ஒரு பித்தளை வட்டம், அதில் இரண்டு ஸ்டேஷன்களின் முதல் எழுத்து. அதுதான் டோக்கன். கஹவத்தையிலிருந்து வண்டி எடுப்பவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியோடு மேசையோரமாக நடந்து, ஓப்பநாயக்கவில் இருக்கும் கொக்கியில் மாட்டவேண்டும். அதன் பிறகுதான் எதிர்ப்பக்க வண்டி நகரலாம். டோக்கன் கையில் இல்லாமல் ஒரு சக்கரமும் அசையாது.

வெசாக் போயா அன்று காலை, கஹவத்தை வண்டி பாதி வழியில், சின்னப் பாலத்தைத் தாண்டிய வளைவில் போய்க்கொண்டிருந்தபோது, முக்தார் நானாவின் வலது கை கன்ட்ரோலரிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. இலவசச் சாப்பாடு கொடுக்கும் தன்சல் கூட்டத்துக்குள் த்ரீவீலர் போக வழியில்லாமல், சுனில் முன்னால் ஓடி ஓடிப் பாதை பிரிக்க, என் கணவர் நானாவை மடியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உயிர் தப்பியது. பேச்சும் மூன்றாம் கிழமையில் திரும்பியது. வலது கை மட்டும் திரும்பவில்லை.

டோக்கன் அவர் சட்டைப் பையிலேயே போயிருந்தது.

அவர் அதற்குப் பிறகு மாடிக்கு வரவில்லை. கடைக்குப் பின்னால் இரண்டு வளவு தள்ளித்தான் வீடு. கடையை அவர் மனைவி ஸுபைதா ராத்தா நடத்தத் தொடங்கினார். அரை அங்குலக் குழாய் எல்போவுக்கும் முக்கால் அங்குல எல்போவுக்கும் வித்தியாசம் தெரியாதிருந்தவர், ஒரே மாதத்தில் குழாய் வேலை செய்யும் பாஸ்மாரிடமே "ஒங்களுக்கு வேண்டியது இது இல்ல, வால்வு சொக்கட்" என்று திருத்தினார்.

ஞாயிறு தவறாமல் என் கணவரும் சுனிலும் முக்தார் நானாவைப் பார்க்கப் போனார்கள். கிரிக்கெட் பேசுவார்கள், மழை பேசுவார்கள். ரயில் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. போயா வந்தால் இருவரும் மாடிக்குப் போய், தண்டவாளம் துடைத்து, மலைகளின் தூசியை ஊதி, நாற்காலியில் உட்கார்ந்து வளைவில் நிற்கும் வண்டியைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார்கள். சுனில் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, "பாதையில் வண்டி உண்டு" என்று சிங்களத்தில் ஒரு வரி எழுதுவார். பிறகு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அடுத்த மாதம் பொசன் போயாவுக்கும் இப்படி. அதற்கடுத்த எசலைப் போயாவுக்கும் இப்படி.

"அந்தப் பித்தளைத் துண்டுக்காகவா ரெண்டு பேரும் சும்மா குந்தியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ம்," என்றார்.

"அவருகிட்ட கேக்கலாமே."

"அதெப்பிடி கேக்குறது, துஷி."

நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். ஒரு கணக்கு மூன்று மாதமாக முடியாமல் நின்றால் எனக்குத் தூக்கம் வராது. என் போனில் அந்த டோக்கனின் படம் ஒன்று இருந்தது. பலாங்கொடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குடை விரித்துச் சாவி வெட்டும் ஆளிடம் அதைக் காட்டி, அச்சு அசலாக இன்னொன்று செய்து வாங்கினேன். நிகினி போயா அன்று, கணவருக்கு முன்னால் டவுனுக்கு இறங்கி, ஸுபைதா ராத்தாவிடம் மாடிச் சாவி வாங்கி, ஓப்பநாயக்க கொக்கியில் அதை மாட்டிவிட்டுக் காத்திருந்தேன். சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன்.

முதலில் வந்தது சுனில். கொக்கியைப் பார்த்தார். வளைவில் நிற்கும் வண்டியைப் பார்த்தார். மறுபடி கொக்கியைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றினார்.

"மே மொகத, நங்கி?" இது என்ன, தங்கச்சி என்று கேட்ட குரல், பஸ்ஸுக்கு அடியில் யாரோ விழுந்துவிட்டது போல இருந்தது.

"டோக்கன் தான், அய்யா. புதுசு. நான் செய்விச்சேன்."

"எபா. எபா நங்கி." வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த என் கணவர் வாசலில் நின்றுவிட்டார். அவர் என்மேல் கோபப்பட்டால் காது சிவக்கும். அன்று சிவக்கவில்லை, முகம்தான் வெளுத்தது.

"துஷி, இத எவ்வளவு நேரமா மாட்டியிருக்க?"

"ஒரு பத்து நிமிஷம் இருக்கும். ஏங்க?"

அவர் கொக்கியிலிருந்து அதை எடுத்து, சூடானதைப் பிடிப்பது போல இரண்டு விரலில் பிடித்தார். "ஒரு பாதைக்கு ஒரு டோக்கன். இது கொக்கியில இருந்தா, பாதை காலின்னு அர்த்தம். இந்தா ஓப்பநாயக்கவுல எதிர் வண்டி நிக்குது பாரு, அத நான் எடுத்துக்கிட்டுப் போகலாம். அதே பாதையில எதிர்ல நானா வந்துகிட்டிருக்காரு."

நானா வீட்டில்தானே இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் வளைவில் நின்ற அந்தச் சின்ன வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு வண்டிய விட்டுட்டுப் போகல, துஷி. ஓட்டிக்கிட்டுத்தான் இருக்காரு. இன்னும் வந்து சேரல, அவ்வளவுதான். டோக்கன் ஒன்னு வெட்ட எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகுமா? வெட்டினா, அவரு இனிமே வரமாட்டாருன்னு நாங்களே எழுதிக்குடுத்த மாதிரி."

சுனில் தரையைப் பார்த்தபடி, "எல்லாம் வெயிட் பண்றது," என்றார் தமிழில்.

மூன்று மாதமாகச் சும்மா குந்தியிருக்கிறார்கள் என்று நான் நினைத்த இரண்டு பேரும், ஒரு மனிதனுக்காக ஒரு பாதை முழுவதையும் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வருடம் ஒரே பாயில் படுத்தும் எனக்கு இந்த ஆளை முழுதாகத் தெரியவில்லையே என்று இருந்தது. "அதை எங்கிட்டக் குடுங்க," என்று அந்தப் போலி டோக்கனை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

முக்தார் நானா விறாந்தையில் சாரமும் சட்டையுமாக உட்கார்ந்து, வலது கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். பந்து அமுங்கவே இல்லை. போயா என்பதால் கடை மூடி, ஸுபைதா ராத்தாவும் உள்ளே இருந்தார்.

"வாங்க தங்கச்சி. மேல ரெண்டு பேரும் வந்துட்டாங்களா?" ரயிலைப் பற்றி மூன்று மாதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

"வந்துட்டாங்க, நானா. நீங்களும் வரலாமே."

"நான் வந்து என்ன செய்ற? இந்தக் கை சொல்லுக் கேக்குதில்ல. தேத்தண்ணிக் கோப்பையே நிக்குதில்ல. அவனுவளுக்குப் பாவம் பாக்க ஒரு ஆள் வேணுமா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "ஓட்டச் சொல்லுங்க. எத்தன நாளைக்குக் காத்துக்கொண்டு ஈக்கிற."

"நானா, நான் ஒரு தப்புச் செஞ்சுட்டேன்," என்று அவருடைய இடது உள்ளங்கையில் அந்த வட்டத்தை வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். பந்து உருண்டு தரையில் போனது. வட்டத்தை மடியில் போட்டுவிட்டு, இடது கையைத் தட்டுத்தடுமாறித் தன் சட்டைப் பைக்குள் விட்டு, அசலை வெளியே எடுத்தார்.

"சட்ட மாத்துறப்பெல்லாம் அது அடுத்த சட்டைக்குப் போகும்," என்றார் கதவோரம் நின்ற ஸுபைதா ராத்தா. "ஆஸ்பத்திரிச் சட்டைக்குப் பை இல்லண்டு நேர்ஸோட சண்ட வேற."

முக்தார் நானா அதைக் காதில் வாங்கவில்லை. மடியில் இரண்டு வட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறி மாறித் தொட்டார்.

"இத கொக்கியில போட்டதா?"

"போட்டுட்டேன், நானா. பத்து நிமிஷம் கிடந்திச்சி."

"பத்து நிமிஷம்." கண்ணை மூடித் திறந்தார். "யா அல்லாஹ். எதிர் வண்டிய எடுக்கல்லியே?"

"இல்ல. எடுக்கவே மாட்டாங்க. நீங்க இன்னும் வந்துகிட்டிருக்கீங்களாம். அப்பிடித்தான் ஒங்க தம்பி சொன்னாரு."

ரோட்டில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துப் போனது. அவர் கதவோரம் பார்த்து, "ஸுபைதா, களிசானைக் கொண்டா," என்றார்.

"எங்க போற?"

"டியூட்டிக்கி. சாரத்தோட வண்டி ஓட்ட ஏலுமா?"

கடை மாடிக்குப் பதினாறு படி. இடது கையால் கைப்பிடிச் சுவரைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து, அவர் ஏறினார். பின்னால் ஏறிய ஸுபைதா ராத்தாவோ நானோ அவரைத் தொடவில்லை. தொட விடவில்லை.

அவரைக் கண்டதும் இருவரும் எழுந்தார்கள். சுனில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன மொதலாளி, லேட்," என்றார்.

"பஸ்ஸுல வந்தன். டைம்கீப்பர் சரியில்ல."

முதல் வேலையாகப் போலி டோக்கனைக் குறட்டுக்குள் வைத்தார்கள். முக்தார் நானாவின் இடது கை பிடியில் இருந்தது, அதன்மேல் என் கணவரின் கை. பித்தளை இரண்டாகத் துண்டானதும் மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். எனக்குக் கொடுத்த தண்டனை அதோடு சரி.

பிறகு முக்தார் நானா மேசையோரம், வளைவுக்கு நேராகப் போய் நின்றார். கன்ட்ரோலரின் திருகு வலது கைப்பக்கம். அதைப் பார்த்தபடியே நின்றார். என் கணவர் மேசைக்கு அடியில் தொங்கிய ஒரு துணியை விலக்கினார். அங்கே இன்னொரு கன்ட்ரோலர், நீண்ட வயரோடு. திருகு இருக்கவேண்டிய இடத்தில் பெரிய நெம்புகோல். இடது கைக்கென்று வளைத்த பிடி.

"இது எப்ப?"

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்த கிழமை."

"சொல்லல்லியே, தம்பி."

"நீங்க கேக்கலியே."

முக்தார் நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வயர் நெறம் பிழை," என்றார்.

"பிழைதான். நீங்க சொல்லணும்னு தான் அப்பிடிப் போட்டேன்."

வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி குதித்தது. பின்னால் இருந்த பெட்டி தடம் புரண்டது. யாரும் கை நீட்டவில்லை. இடது கையின் இரண்டு விரலால் அதை அவரே தூக்கி வைத்தார், ஐந்து முறை முயன்று. பிறகு வண்டி தேயிலைச் செடிகளுக்கு இடையே, பொட்டு வைத்த பெண்களைத் தாண்டி, அவர் இழுத்து இழுத்து நடந்த வேகத்திலேயே வந்தது. அதைவிட மெதுவாக அது ஒருநாளும் ஓடியதில்லை. அவ்வளவு அழகாகவும் ஓடியதில்லை. நீலச் சேலைக்காரிக்கு நேர் முன்னால் வந்து நின்றது.

டோக்கனை அவர் வலது கையால் எடுக்கப் பார்த்தார். அது விழுந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. குனியப் போனேன். கணவர் கண்ணால் தடுத்தார். முக்தார் நானா மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், எடுத்தார், நிமிர்ந்தார், இடது கையால் கொக்கியில் மாட்டினார். டிங் என்று ஒரு சின்ன ஓசை. ஸுபைதா ராத்தா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சுனில் பதிவுப் புத்தகத்தில் எழுதினார். வரவேண்டிய நேரம், காலை பத்து நாற்பத்திரண்டு. வந்த நேரம், பதினொன்று ஐம்பத்தேழு. விரல் விட்டு எண்ணி, தாமதம்: எண்பத்தெட்டு நாள், ஒரு மணி, பதினைந்து நிமிடம்.

"காரணம்?" என்று பேனாவைத் தூக்கினார்.

"எஞ்சின் கோளாறுண்டு போடுங்க."

"எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல," என்றார் என் கணவர். "மோட்டாரு நான் பாத்தது."

"அப்ப டைம் டேபிள் பிழை."

சுனில் பேனாவை மூடப் போனார்.

"சரி, சரி. பாதையில மாடுண்டு போடுங்க."

சுனில் கொஞ்சம்கூடச் சிரிக்காமல், "பாதையில் மாடு" என்று சிங்களத்தில் எழுதி, கீழே கோடு இழுத்தார்.

என் கணவர் எதிர் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, கொக்கியில் தொங்கிய டோக்கனை எடுக்காமல், முக்தார் நானாவையே பார்த்தார்.

"லைன் கிளியரா, நானா?"

அவர் வளைவைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், பதினெட்டு அடி மேசையையும் ஒருமுறை அந்தம்வரை பார்த்தார்.

"கிளியர்," என்றார். "மாட்டைப் பாத்துப் போ."