பன்னிரண்டு மணிப் பாடம்

அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றித் தரையில் தேவதாருக் கிளைகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள் டெல்ஃபீன். வாசலில், நாலு நாளும் அணையக்கூடாத நெருப்புக்கு மேப்பிள் கட்டைகள் இறக்கிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து ரேடியோ கத்தியது.

"இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு நம்ம வெர்ன் மாமா முன்னாடி பதிவு பண்ணி வெச்ச மரப் பாடம்! ஒண்ணு இல்ல, நாலு. எல்லாரும் சேர்ந்து பதில் சொல்ல ரெடியா இருங்க!"

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மா ஆர்லிஸின் கை நின்றது.

"யாருடி சரின்னு சொன்னது?"

"நான்தாம்மா. நேத்து ரேடியோ ஸ்டேஷன்லேருந்து ரஸ் கேட்டான். மரியாதை பண்றோம்னான். எனக்கு அழுகைல ஒண்ணும் ஓடல."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். ஆர்லிஸ் சத்தம் போடுகிற பெண் இல்லை. சத்தம் போட்டிருந்தால் டெல்ஃபீன் சமாளித்திருப்பாள்.

"உங்கப்பா இப்ப நடந்துகிட்டிருக்காரு. செத்தவங்க ஊருக்கு நாலு நாள் வழி, இன்னிக்கு மூணாவது நாள். வாசல்ல எவனாவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலே நின்னு திரும்பிப் பாக்குற மனுஷன் அவரு. ஊரே ஒண்ணாச் சேர்ந்து பதில் சொன்னா போவாரா? பாடம் நடத்த வழியிலேயே உக்காந்துடுவாரு."

அது அப்பாவைப் பற்றி அம்மா எப்போதும் அடிக்கிற கேலிதான். இன்று அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"போ. போய் நிறுத்து."

வானொலி நிலையத்து போன் ஓயாமல் பிஸியாகவே இருந்தது. டெல்ஃபீன் பிசின் ஒட்டிய கையோடு காரில் ஏறினாள்.

ஏரிக்கரைச் சாலையில் மரம் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. பனி உருகிச் சாலையின் ஓரமெல்லாம் சேறு, முந்த வழியே இல்லை. அவள் ஹாரனை அடித்தாள். ஓட்டுநர் கையை வெளியே நீட்டி நட்பாக ஆட்டினான். அவனைப் பெற்றவளிலிருந்து தொடங்கித் திட்டிக்கொண்டே பின்னால் போனாள்.

திட்டினாலும் மனம் பள்ளிச் சமையலறையில்தான் இருந்தது. அங்கேதான் அவளுக்கு வேலை. பன்னிரண்டு அடித்ததும் கரண்டியைப் பிடித்தபடியே பெண்கள் நாலு பேரும் ரேடியோவுக்குப் பதில் சொல்வார்கள். அப்பா தங்கள் பழங்குடி மொழியான ஒஜிப்வேயில் ஒரு மரத்தின் பெயர் சொல்லுவார், சற்று இடைவெளி விடுவார், இவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பெட்ரோல் பங்கில் சொல்வார்கள், போலீஸ் வண்டியில் சொல்வார்கள். சொல்லிச் சொல்லி அவளுக்கு அது தும்மல் மாதிரி தானாகவே வரும். இன்று ஒரு வீடு விடாமல் சொல்லுவார்கள். அப்பாவுக்கு அது கேட்காமல் இருக்குமா?

மீன்குஞ்சுப் பண்ணைக்குப் பின்னால் ஒற்றை அறைதான் வானொலி நிலையம். ரஸ் அவளுக்கு அத்தை மகன். சாவு வீடானாலும் அவனுக்குக் கேலி பேச உரிமை உண்டு.

"வா வா. என்னைக் கட்டிக்கலாம்னு கடைசியா மனசு மாறிட்டியா?"

கண் இரண்டும் சிவந்திருந்தன அவனுக்கு.

"நிறுத்துடா. போடாதே."

"நீதானே சரின்ன? காலையிலேருந்து போன் நிக்கல, டெல்ஃபீன். எல்லாரும் அந்தக் குரலைக் கேக்கணும்ங்கிறாங்க."

"எனக்கு மட்டும் வேணாமா? எனக்குத்தான்டா ரொம்ப வேணும். ஆனா அவர் போகணும்."

சிவப்பு விளக்கு எரிந்தது. பாடத்துக்கு முன்னால் வரும் மேளம் ஒலிக்க ஆரம்பித்தது. ரஸ் அவளைப் பார்த்தான், கட்டுப்பாட்டுப் பலகையைப் பார்த்தான், கை மட்டும் நகரவில்லை.

"எனக்கும் அவர் மாமாதானே" என்றான் மெதுவாக.

"ரஸ்!"

மேளம் நின்றது. அப்பா தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் ஏரியைச் சுற்றியிருக்கும் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. எந்தக் குமிழ் என்று தெரியாமல் டெல்ஃபீன் பலகை முழுவதும் கையால் துழாவினாள். ரஸ் அவள் கையை விலக்கி ஒன்றைக் கீழே இழுத்தான்.

குரல் அறுந்தது. பிறகு அவன் மைக் பக்கம் குனிந்தான்.

"மக்களே, மாமா இன்னிக்குப் பாடம் எடுக்கல. பயணத்துல இருக்காரு. யாரும் கூப்பிடாதீங்க. அவங்கவங்க அடுப்பைப் பாருங்க, தீயப் போகுது."

ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தபடி வெளியே போனான். செய்தாகிவிட்டது. அம்மாவிடம் போய்ச் சொல்லலாம் என்று டெல்ஃபீன் திரும்பினாள்.

மேசைமேல் கிடந்த ஹெட்ஃபோனிலிருந்து பூச்சி ரீங்காரம்போல ஏதோ வந்தது. ஊருக்குப் போகாவிட்டாலும் பாடம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியாது. ரஸ்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

"…பிர்ச் மரப் பட்டை" என்றார் அப்பா. "கூடை தைக்கலாம், கூரை போடலாம். ஈரமா இருந்தாலும் பத்திக்கும். உரிக்கிறதுக்கு முன்னாடி மரத்துக்குப் புகையிலை வை. கேக்காம எடுத்தா என் தங்கச்சி மாதிரி, ஜென்மத்துக்கும் மறக்காது. நம்ம பேச்சுல இதுக்குப் பேரு வீக்வாஸ். எங்கே, நீ சொல்லு. வீக்வாஸ்."

நிறுத்தினார். காத்திருந்தார். அவர் மூச்சு விடுவது கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது.

சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உதடு அதற்காகக் குவிந்தும்விட்டது. டெல்ஃபீன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். கண்ணீர் விரல்களின் மேல் வழிந்தது. அவர் இன்னும் காத்திருந்தார்.

"ஆங், நல்லாச் சொன்ன" என்றார் அப்பா. "சரி, அடுத்த மரம்."

அவள் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.