வாசலில் அறுபது சோடிச் சப்பாத்து

2024 சித்திரையில் பார்க்கிங் என்ற ஊரில் வாமதேவனின் வீட்டுக்குள் மட்டும் கடல் ஏறியது. பக்கத்து வீடுகள் காய்ந்தே கிடந்தன. வந்த குழாய்க்காரர் விரலை நக்கிப் பார்த்து, ‘உப்பு’ என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிப் போனார்.

ஜெர்மனியிலிருந்து வந்து இருபது வருடமாகியும், எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு வாமதேவன் அடுத்த ஊரின் பெயரைப் போட்டு “இல்போர்ட் பக்கம்” என்றே சொல்லி வந்தார். பார்க்கிங்கின் பெயரைக் கேட்டாலே சொந்தக்காரர் சிரித்தார்கள். ஹரோவில் இருக்கும் சம்பந்தி நவரத்தினம் ஒருமுறை வேறு யாரையோ பற்றி, “பார்க்கிங்கிலையோ? அங்க மனுசர் இருப்பினமோ?” என்று கேட்டிருந்தார். அந்தப் பயத்தில் மகள் துஷ்யாவின் கலியாண அழைப்பிதழிலும் வீட்டை இல்போர்ட் என்றே அச்சடித்தார். நானூறு காட். காட் கட்டு வீட்டுக்கு வந்த அன்று கம்பளம் நனைந்தது. ஒவ்வொரு காட் கொடுத்ததும் நீர் ஒரு விரல் ஏறியது. ஆறு மணித்தியாலம் ஏற்றம், ஆறு மணித்தியாலம் வற்று. அதில் மீன் வெடுக்கு மணமும் ஐஸ் துண்டுகளும் வந்தன.

சனி மத்தியானம் அவர் காட் கொடுத்துத் திரும்பியபோது நீர் நெஞ்சுக்கு நின்றது. துஷ்யாவின் அறைக்கதவு திறபடவில்லை.

“அப்பா, இஞ்ச கனபேர் நிக்கினம். இது எந்த ஊர் எண்டு கேக்கினம். நான் சொன்னா நம்பினமில்லை. வீட்டுக்காரர் சொல்லட்டாம்.”

பக்கத்து வீட்டு அஞ்சலீனா, பாசையூர் மீன்பிடிக் குடும்பத்துக்காரி, பாவாடையைச் செருகிக்கொண்டு நீந்தி வந்தாள்.

“உந்த ஊரில ஒரு காலம் எவ்வளவு மீன்பிடி வள்ளம் நிண்டது தெரியுமோ அண்ணை? நூற்றறுபது வருசத்துக்கு முந்தி ஒரு மார்கழிப் புயலில அறுபது பேர் திரும்பேல்லை. நீங்கள் ஊரை ஒளிச்சா அவை எங்க கரையேறுறது? சம்பந்திக்கு ஃபோனை எடுங்கோ.”

“கலியாணம் குழம்பிப்போகும்.”

“பெட்டை இல்லாமல் என்ன கலியாணம்?”

உள்ளே துஷ்யாவின் சத்தம் நின்றது. நீர் கழுத்துக்கு வந்தது. வாமதேவன் தலைக்கு மேல் ஃபோனைப் பிடித்து நவரத்தினத்தை அழைத்தார். “நாங்கள் பார்க்கிங். இருபது வருசமாப் பார்க்கிங்தான். காட்டில அடிச்சிருக்கிறது பொய்.”

நீர் வடியத் தொடங்கியது. கதவு மெல்லத் திறந்தது. துஷ்யா அலுமாரியின் மேல், உதடு நீலம் பாரித்து, உயிரோடு இருந்தாள்.

“சரி,” என்றார் நவரத்தினம். “எத்தினை மணிக்கு வரவேணும்?”

கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது வாமதேவன் வீட்டு வாசலில் முழங்கால் உயரத் தோல் சப்பாத்துகள் அறுபது சோடி நீர் சொட்ட நின்றன. நவரத்தினம் தன் சப்பாத்தைக் கழற்றி வரிசையின் கடைசியில் வைத்தார். அஞ்சலீனா அறுபது பேருக்குக் கூடுதலாகச் சோறு போடச் சொன்னாள். ஒன்றும் மிஞ்சவில்லை.